அத்தியாயம் 5: மலைக்குப் பின்னால் வரும் மழை
திருவண்ணாமலையில் காற்றையும் மேகத்தையும் நீங்களே கணிக்கும் முறை

## இந்த அத்தியாயம் யாருக்கு?

கிரிவலப் பாதையின் நீளம் 14 கிலோமீட்டர். நிதானமாக நடப்பவர் சுற்றி முடிக்க நாலைந்து மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக்குத் தெளிந்த வானத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பியவர் 8 மணிக்கு இடிமழையில் மாட்டிக்கொள்வது இங்கே புதிதல்ல. மாட வீதியில் கடை விரிப்பவர்களுக்கும், களத்தில் நெல்லோ மல்லாட்டையோ காயப்போட்டிருப்பவர்களுக்கும், மலையடிவாரத்தில் குடியிருப்பவர்களுக்கும் இதே கவலைதான்.

மழை வருவதைக் கணிக்கப் படிப்பு எதுவும் தேவையில்லை. மழைக்கு முன்னால் காற்று மாறும் என்ற ஒன்றை மனத்தில் வைத்தால் போதும். வெவ்வேறு குணமுள்ள இரண்டு காற்றுகள் எங்கே சந்திக்கின்றன, சந்திக்கும் கோடு எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்கப் பழகினால், பல நாட்களில் ஒரு மணி நேரம் முன்பே உஷாராகிவிடலாம். திருவண்ணாமலையில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. கடல் மட்டத்திலிருந்து 814 மீட்டர் உயரமுள்ள மலை, நீங்கள் எங்கே நின்றாலும் வானத்தின் ஒரு பக்கத்தை மறைத்துவிடும். அந்தக் குறையை ஈடுகட்டும் வழிகளையும் சேர்த்தே பார்ப்போம்.

தேவையான பொருட்கள்: திசைகாட்டி வசதியுள்ள கைபேசி, ஒரு சிறிய நோட்டு, அடியும் வாயும் ஒரே அகலமுள்ள ஒரு டப்பா, ஒரு அளவுகோல்.

## கொஞ்சம் அடிப்படை

ஒரு பெரும் பரப்பில் ஒரே மாதிரி வெப்பமும் ஈரமும் கொண்டு நிற்கும் காற்றை ஒரு காற்றுத் திரள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குணம் மாறுபட்ட இரண்டு திரள்கள் முட்டிக்கொள்ளும் எல்லைதான் வானிலை முகப்பு. முதல் உலகப் போர் முடிந்த சமயத்தில் நார்வேயின் பெர்கன் நகரில் வில்ஹெல்ம் பியர்க்னெஸ், அவர் மகன் ஜேக்கப் பியர்க்னெஸ் ஆகியோரின் குழு இதை வகுத்துச் சொன்னது. நான்கு வகைகள் உண்டு.

1. குளிர் முகப்பு: கனமான குளிர்காற்று முன்னேறி, வெப்பக்காற்றுக்கு அடியில் புகுந்து அதை மேலே தள்ளும். சரிவு செங்குத்தாக இருப்பதால் மேகம் உயர எழும். குறுகிய பட்டையில் இடியும் பலத்த மழையும் பெய்து சீக்கிரம் கடந்துவிடும். பிறகு குளிரும், வானம் தெளியும்.
2. வெப்ப முகப்பு: வெப்பக்காற்று முன்னேறி, எதிரிலுள்ள குளிர்காற்றின் மேல் மெல்ல ஏறும். சரிவு குறைவு, நகர்வும் மெதுவு. முதலில் உயரத்தில் மெல்லிய மேகம், பிறகு அடுக்கு மேகம், அதன் பிறகு நெடுநேரத் தூறல் என்று வரிசையாக வரும்.
3. நிலை முகப்பு: இரண்டு திரள்களும் சம பலத்தில் இருந்தால் எல்லை நகராது. ஒரே இடத்தில் நாள் கணக்கில் மழை பெய்யலாம்.
4. அடைப்பு முகப்பு: வேகமாக வரும் குளிர் முகப்பு, முன்னால் போகும் வெப்ப முகப்பைப் பிடித்துவிடும். நடுவில் இருந்த வெப்பக்காற்று தரையை விட்டு மேலே தூக்கப்படும்.

இந்த நான்கும் மிதவெப்ப நாடுகளின் சங்கதி. இந்தியாவில் குளிர்காலத்தில் காஷ்மீர், பஞ்சாப், டெல்லி பக்கம் மழையும் பனியும் தரும் மேற்கத்திய இடையூறுகளோடு இவற்றின் தடத்தைக் காணலாம். திருவண்ணாமலை இருப்பது பூமத்திய ரேகையிலிருந்து 12 பாகை வடக்கே. இங்கே அக்கம்பக்கத்துக் காற்றுத் திரள்களுக்கிடையே அவ்வளவு வெப்ப வித்தியாசம் கிடையாது. ஆகவே வெளிநாட்டு வானிலைப் புத்தகத்தில் உள்ள முக்கோணமும் அரைவட்டமும் போட்ட கோடுகளை நம்மூர் வரைபடத்தில் தேடாதீர்கள்.

ஆனால் அதே இயக்கம் சிறிய அளவில் இங்கேயும் நடக்கிறது. நீங்கள் கவனிக்க வேண்டியவை மூன்று: வங்கக் கடலிலிருந்து வரும் கடல்காற்றின் முகப்பு, இடிமழைக்கு முன்னோடி வரும் மழைக்காற்று, வடகிழக்குப் பருவத்தில் தாழ்வு மண்டலத்தைச் சுற்றித் திரும்பும் காற்று.

## முதல் வேலை: திசை பழகுதல்

எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கங்கள் இருக்கும் ஊரில் திசை பழகுவது கடினமல்ல. கிழக்கு இந்திர லிங்கம், தென்கிழக்கு அக்னி, தெற்கு எமன், தென்மேற்கு நிருதி, மேற்கு வருணன், வடமேற்கு வாயு, வடக்கு குபேரன், வடகிழக்கு ஈசானியம். இவை மலையைச் சுற்றிய திசைகள். நீங்கள் எந்த லிங்கத்தருகே நிற்கிறீர்களோ, அதற்கு நேர் எதிர்த்திசை வானம் மலையால் மறைக்கப்பட்டிருக்கும்.

திசையோடு ஊர்களையும் சேர்த்து மனத்தில் பதியுங்கள். அறிவிப்பிலும் ரேடார் படத்திலும் ஊர்ப்பெயர்தான் உதவும்.

- கிழக்கு: கீழ்பென்னாத்தூர், செஞ்சி
- தென்கிழக்கு: வேட்டவலம்
- தெற்கு: மணலூர்பேட்டை
- தென்மேற்கு: தண்டராம்பட்டு, சாத்தனூர்
- மேற்கு: செங்கம்
- வடமேற்கு: ஜவ்வாது மலை
- வடக்கு: போளூர்
- வடகிழக்கு: சேத்துப்பட்டு

காற்றைப் பார்க்கும் முறை:

1. மொட்டைமாடி, ஏரிக்கரை போன்ற திறந்த இடத்துக்குப் போங்கள். கட்டடச் சந்திலும் மலையை ஒட்டியும் பார்க்காதீர்கள். அங்கே காற்று திசை மாறிச் சுழலும்.
2. ஊதுபத்தியையோ லேசான துணிப்பட்டையையோ பிடித்துக் காற்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். காற்றுக்குப் பெயர் அது புறப்படும் திசையை வைத்துத்தான். மேல்காற்று என்றால் மேற்கிலிருந்து வருவது.
3. அடுத்து தாழ்ந்த மேகங்கள் நகரும் திசையைப் பாருங்கள். ஒரு கோபுர முனையையோ கம்பத்தையோ அடையாளமாக வைத்து ஐந்து நிமிடம் கவனித்தால் தெரிந்துவிடும்.
4. இரண்டையும் நேரத்தோடு நோட்டில் எழுதுங்கள். தரைக்காற்று ஒரு பக்கமும் மேகம் வேறு பக்கமும் போனால், அன்று மேலும் கீழும் வெவ்வேறு காற்றுகள் வேலை செய்கின்றன. அன்றைக்கு வானத்தை அடிக்கடி பாருங்கள்.

குறிப்பு: கோயிலும் பழைய நகரமும் மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருப்பதால் அங்கிருந்து மேற்கு வானம் சரியாகத் தெரியாது. உயரமான இடிமேகத்தின் தலை மட்டும் மலைக்கு மேலே எட்டிப் பார்க்கும். மழை கொட்டும் அதன் அடிப்பாகம் கண்ணில் படாது. அடி அண்ணாமலை பக்கம் இருப்பவர்களுக்கு இதே சிக்கல் கிழக்கு வானத்தில்.

## கோடையில்: கடல்காற்று வரும் நேரம்

ஏப்ரல் முதல் ஜூன் வரை நிலம் கொதிக்கும்; கடல் அவ்வளவு சூடாகாது. முற்பகலில் கடற்கரையில் கடல்காற்று எழும்பி உள்நாட்டை நோக்கி நகரத் தொடங்கும். அதன் முன்விளிம்பு ஒரு குட்டிக் குளிர் முகப்பு. ஈரமான குளிர்ந்த காற்று, காய்ந்த சூடான காற்றுக்கு அடியில் புகுந்து அதை மேலே தள்ளும்.

புதுச்சேரிக் கடற்கரை இங்கிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். அதனால் கடல்காற்று எல்லா நாளும் இவ்வளவு தூரம் வராது. வரும் நாளில் மாலையிலோ முன்னிரவிலோதான் வரும். மேல்காற்று பலமாக வீசும் நாட்களில் கடற்கரையிலேயே அது தாமதமாகும். கத்திரி வெயிலில் சென்னை தகிப்பதும் அப்படிப்பட்ட நாட்களில்தான்.

கண்டுபிடிக்கும் முறை:

1. பகல் 12 மணிக்குக் காற்றின் திசையைக் குறியுங்கள். மேல்காற்றா, அசைவே இல்லையா?
2. மாலை 4 மணிக்குக் கிழக்கு வானத்தைப் பாருங்கள். வடக்குத் தெற்காக வரிசை கட்டி மேகங்கள் குவிந்திருந்தால், முகப்பு அந்த இடத்தில் இருக்க வாய்ப்பு உண்டு.
3. கிழக்கிலிருந்து திடீரென்று ஈரமான குளிர்ந்த காற்று வந்து, வியர்வை உலர மறுத்தால் முகப்பு உங்களைக் கடந்துவிட்டது.
4. கடந்த பிறகு மேகம் கலைந்தால் அன்று மழை இல்லை. கிழக்கிலும் மேற்கிலும் மேகம் ஒரே சமயத்தில் வளர்ந்தால் இரண்டு காற்றுகளும் உங்கள் தலைக்கு மேல் சந்திக்கப் போகின்றன. களத்தில் கிடப்பதை அள்ளுங்கள்.

## இடிமழை: மழைக்காற்றைப் படித்தல்

ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே பெய்வது பெரும்பாலும் மாலை, இரவு நேர இடிமழை. வானிலை அறிக்கையில் ‘வெப்பச்சலனம்’ என்று சொல்வது இதைத்தான். அந்தப் பருவத்தில் மேலே மேல்காற்று வீசுவதால், செங்கம், ஜவ்வாது மலைப் பக்கம் உருவாகும் மேகங்கள் கிழக்கு நோக்கி வரும். நகரவாசிகளுக்கு அது மலைக்குப் பின்னால் இருந்து வரும் மழை. அதனால்தான் திடீரென்று வந்த மாதிரி தோன்றுகிறது.

மழை கொட்டும்போது மேகத்துக்குள் குளிர்ந்த காற்று வேகமாகக் கீழே இறங்கி, தரையில் கொட்டிய தண்ணீர் போல நாலாபக்கமும் பரவும். அதன் விளிம்புதான் புழுதியைக் கிளப்பிக்கொண்டு முதலில் வந்து சேரும் மழைக்காற்று. சில நிமிடங்களுக்குள் வெப்பம் சட்டென்று இறங்கும். இந்த விளிம்பு தன் வழியில் உள்ள சூடான காற்றைத் தூக்கிப் புதிய மேகத்தையும் உண்டாக்கும். ஒரு மழை முடிந்து இன்னொன்று பக்கத்திலேயே தொடங்குவது இதனால்தான்.

கணக்குப் போடும் முறை:

1. கைபேசியில் இந்திய வானிலை ஆய்வு மையத்தின் சென்னை ரேடார் படத்தைத் திறங்கள்.
2. படத்தில் உள்ள நேரத்தைப் பாருங்கள். ‘யு.டி.சி.’ என்று இருந்தால் 5 மணி 30 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். பகல் 11.00 யு.டி.சி. என்பது நமக்கு மாலை 4.30.
3. இருபது நிமிட இடைவெளியில் இரண்டு படங்களைப் பார்த்து, மழைப்பொட்டு எத்தனை கிலோமீட்டர் நகர்ந்தது என்று மதிப்பிடுங்கள். அதை மூன்றால் பெருக்கினால் ஒரு மணி நேர வேகம் கிடைக்கும்.
4. உங்களுக்கும் மழைக்கும் உள்ள தூரத்தை வேகத்தால் வகுங்கள். செங்கம் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு மணி நேரத்தில் இங்கே மழை.
5. வரும் கணக்கிலிருந்து கால் மணி நேரத்தைக் கழித்துவிடுங்கள். மழைக்கு முன் காற்று வரும்.

கவனம்: சென்னை ரேடார் இங்கிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பூமி வளைந்திருப்பதால் அதன் கதிர் இங்கே வரும்போது தரையிலிருந்து வெகு உயரத்தில் போகும். தாழ்ந்த மேகத்தின் மழை படத்தில் விழாமலே போகலாம். படம் சுத்தமாக இருக்கிறது என்பது மழை இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது.

### மின்னல் பாதுகாப்பு

1. மின்னலைக் கண்டதும் இடி கேட்கும்வரை விநாடிகளை எண்ணுங்கள். எண்ணியதை 3-ஆல் வகுத்தால் கிலோமீட்டரில் தூரம் கிடைக்கும்.
2. 30 விநாடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே நடையை நிறுத்துங்கள்.
3. நான்கு பக்கமும் சுவர் உள்ள கட்டடத்துக்கோ, கண்ணாடியை ஏற்றிய காருக்கோ போங்கள். திறந்த மண்டபமும் தகரக் கொட்டகையும் மழைக்குத்தான் ஒதுக்கிடம். மின்னலுக்கு அவை போதாது. வேறு வழியின்றி அங்கே நின்றால் தூணிலும் கம்பியிலும் சாயாதீர்கள்.
4. பாதையோர மரத்தடியில் ஒதுங்காதீர்கள். பலரும் செய்யும் பெரிய தவறு இதுதான்.
5. மலைமேல் இருந்தால் உச்சியையும் தனிப்பாறையையும் விட்டுக் கீழே இறங்குங்கள். தனித்தனியாக விலகி நில்லுங்கள்.
6. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே மீண்டும் நடையைத் தொடங்குங்கள்.

குறிப்பு: புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ‘தாமினி’ செயலி, உங்களைச் சுற்றி 20, 40 கிலோமீட்டருக்குள் விழும் மின்னலைக் காட்டும். கிளம்பும் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பௌர்ணமிக் கூட்டத்தில் இணைய வேகத்தை நம்ப முடியாது.

## ஐப்பசி, கார்த்திகை: தாழ்வு மண்டலத்தைத் தொடர்தல்

அக்டோபர் மூன்றாவது வாரத்தையொட்டி வடகிழக்குப் பருவமழை தொடங்கும். மகாதீபம் ஏற்றும் கார்த்திகை மாதம் இந்தப் பருவத்தின் நடுவில் வருகிறது. இப்போது மேகம் கிழக்கிலிருந்து வரும். ஆபத்து வங்கக் கடலில் உருவாகும் சுழற்சியில் இருக்கிறது.

அறிவிப்பில் வரும் பெயர்களுக்குக் காற்றின் வேகம் இதுதான்:

- காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்: மணிக்கு 31 முதல் 50 கி.மீ. வரை
- ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்: 51 முதல் 61 கி.மீ. வரை
- புயல்: 62 முதல் 88 கி.மீ. வரை
- தீவிரப் புயல்: 89 கி.மீ. முதல்

### இடக்கை விதி

டச்சு வானிலையாளர் பைஸ் பாலட் 1857-இல் வெளியிட்ட விதி இது. கருவியே இல்லாமல் புயல் இருக்கும் திசையைச் சொல்லிவிடும்.

1. திறந்த வெளியில் காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள்.
2. இடது கையைப் பக்கவாட்டில் நீட்டுங்கள்.
3. சுழற்சியின் மையம் அந்தக் கைப்பக்கம், சற்று முன்தள்ளி இருக்கிறது. நமது வட அரைக்கோளத்தில் இதுவே முறை.
4. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்து, காற்றுத் திசையைக் குறியுங்கள்.

வாடைக்காற்று முதுகில் அடித்தால் மையம் கிழக்கே இருக்கிறது. அது மேற்கு நோக்கி வரும்போது, காற்று வடக்கிலிருந்து வடகிழக்கு, கிழக்கு, தென்கிழக்கு என்று திரும்பினால் மையம் உங்களுக்குத் தெற்கே கடக்கிறது. வடக்கிலிருந்து வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு என்று திரும்பினால் வடக்கே கடக்கிறது. திசை மாறாமல் வேகம் மட்டும் கூடினால் மையம் உங்களை நோக்கி வருகிறது. அப்படி வந்து காற்று சட்டென்று அடங்கினால் வெளியே போகாதீர்கள். மையம் கடந்ததும் எதிர்ப்பக்கத்திலிருந்து மறுபடி அடிக்கும்.

### வலுவிழந்தது என்றால் முடிந்தது என்று பொருளல்ல

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் பல மணி நேரம் கிட்டத்தட்ட அதே இடத்தில் நின்றது. மறுநாள் டிசம்பர் 1 அன்று ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக வலுவிழந்து மெல்ல உள்நாட்டுக்குள் நகர்ந்தது. திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின் மேல் விழுந்து ஏழு பேர் இறந்தது அன்று மாலைதான். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். இங்கிருந்து மேற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் உள்ள ஊத்தங்கரையில் டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் 50 செ.மீ. மழை பதிவானது. அதே அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கனஅடி தண்ணீர் திறக்கப்பட, தென்பெண்ணைக் கரையில் விழுப்புரம், கடலூர் மாவட்ட ஊர்கள் மூழ்கின.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை:

1. உள்நாட்டில் காற்றின் வேகத்தைவிட, சுழற்சி நகரும் வேகத்தைக் கவனியுங்கள். மெதுவாக நகரும் மண்டலம் ஒரே இடத்தில் கொட்டும்.
2. ‘வலுவிழந்தது’ என்ற செய்தி காற்றைப் பற்றியது. அதற்குப் பிறகு குறைந்தது 24 மணி நேரம் மழையை எதிர்பாருங்கள்.
3. மண் ஏற்கெனவே ஊறியிருந்தால் அடுத்து வரும் சாதாரண மழையும் மலைச்சரிவில் ஆபத்து. அந்த ஆண்டு டிசம்பர் 13 மகாதீபத்தன்று பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை.

### அடிவாரத்தில் குடியிருப்பவர்களுக்கு

கீழ்க்கண்டவற்றில் ஒன்று தெரிந்தாலும் பொருட்களை எடுக்க நிற்காமல் வெளியேறுங்கள். ஓடையின் போக்கில் கீழ்நோக்கி ஓடாமல், பக்கவாட்டில் விலகிப் போங்கள்.

- சரிவிலோ வீட்டுச் சுவரிலோ தரையிலோ புதிய வெடிப்பு
- மரமோ மின்கம்பமோ சாய்தல்
- வழக்கமில்லாத இடத்தில் ஊற்று, அல்லது தெளிந்த ஓடை திடீரென்று செந்நீராக மாறுதல்
- மழை கொட்டும்போதே ஓடையில் நீர் சட்டென்று குறைதல். மேலே எங்கோ அடைத்துக்கொண்டிருக்கிறது
- மலைப்பக்கம் பாறை உருளும் சத்தம், உறுமல்

பேச வேண்டிய எண்கள்: மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, ஆம்புலன்ஸ் 108.

## வானிலை அறிக்கையைப் படிக்கும் முறை

அறிக்கையை மூன்று கேள்விகளோடு படியுங்கள்: எவ்வளவு, எத்தனை இடத்தில், எப்போது?

எவ்வளவு: 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் கனமழை, 115.6 மி.மீ. முதல் மிக கனமழை, 204.4 மி.மீ.-ஐத் தாண்டினால் அதி கனமழை.

எத்தனை இடத்தில்: ‘ஓரிரு இடங்களில்’ என்றால் மாவட்டத்தில் கால்வாசி இடத்துக்கு மேல் எதிர்பார்க்கவில்லை. ‘பெரும்பாலான இடங்களில்’ என்றால் முக்கால்வாசிக்கு மேல். ஓரிரு இடங்களில் கனமழை என்று சொல்லி உங்கள் தெருவில் தூறவே இல்லையென்றால் அறிக்கை பொய் ஆகிவிடாது. போளூரில் கொட்டியிருக்கலாம்.

எப்போது: மாவட்ட வாரியான ‘அடுத்த 3 மணி நேர’ அறிவிப்புதான் நடப்பவருக்கு உபயோகம். அதைச் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் பக்கத்திலோ ‘மௌசம்’ செயலியிலோ, தமிழக அரசின் ‘டி.என். அலர்ட்’ செயலியிலோ பாருங்கள்.

நிறங்கள்: பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டே இருங்கள். ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், பயணத்தை மறுபடி யோசியுங்கள். சிவப்பு என்றால் நடவடிக்கை. வீட்டில் இருங்கள், அல்லது பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள்.

## உங்கள் சொந்தக் குறிப்பேடு

1. வாயும் அடியும் ஒரே அகலமுள்ள டப்பாவை மொட்டைமாடியில் நேராக வையுங்கள். பக்கத்தில் சுவரோ மரமோ இருந்தால், அதன் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி வையுங்கள்.
2. தினமும் காலை 8.30-க்கு அளவுகோலால் அளந்து எழுதிக் கொட்டிவிடுங்கள். அரசு மழைமானிகளின் நேரமும் அதுதான், ஒப்பிட வசதி.
3. 1 மி.மீ. மழை என்பது ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர்.
4. சில கைபேசிகளில் காற்றழுத்தமானி உண்டு. இருந்தால் தினமும் ஒரே நேரத்தில் குறியுங்கள். முந்தைய நாள் இதே நேரத்தைவிட 3 மில்லிபார் அளவுக்கு இறங்கியிருந்தால் அறிக்கையைத் தேடிப் படியுங்கள்.
5. காற்றுத் திசையைக் காலை 8.30, பகல் 12, மாலை 4, இரவு 8 மணிக்கு எழுதுங்கள். ஒரு பருவம் எழுதினால் உங்கள் தெருவுக்கான கணக்கு உங்களுக்கே பிடிபடும்.

## அடிக்கடி செய்யும் தவறுகள்

- காலை 10 மணி அழுத்தத்தை மாலை 4 மணியோடு ஒப்பிடுவது. நம் பகுதியில் அழுத்தம் தினமும் காலை, இரவு 10 மணியையொட்டி ஏறி, 4 மணியையொட்டி இறங்கும். புயலே இல்லாத நாளிலும் அப்படித்தான்.
- கைபேசி காட்டும் அழுத்தத்தைக் கடற்கரை அழுத்தத்தோடு ஒப்பிடுவது. இந்த ஊர் 170 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஏறத்தாழ 20 மில்லிபார் குறைவாகத்தான் காட்டும்.
- பௌர்ணமி நிலவு கோட்டை கட்டியதை மட்டும் நம்பி முடிவெடுப்பது. அது உயரத்திலுள்ள பனித்துகள் மேகத்தின் அடையாளம். கிழக்கே தாழ்வு மண்டலம் இருக்கும்போது அதற்குப் பொருள் உண்டு. தனியாக வந்தால் பெரிதாக இல்லை.
- தலைக்கு மேலே நீலமாக இருப்பதைப் பார்த்துக் கிளம்புவது. பார்க்க வேண்டியது மலை மறைக்கும் பக்கத்தை.
- கைபேசிச் செயலி காட்டும் மழைச் சதவீதத்தை மட்டும் நம்புவது. மாலை இடிமழையை அது காலையிலேயே சரியாகச் சொல்வது அரிது.

## கிளம்பும் முன் ஐந்து நிமிடச் சோதனை

1. எச்சரிக்கை நிறம் என்ன?
2. எந்தப் பருவம்? ஜூன் முதல் செப்டம்பர் வரை என்றால் மேற்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்றால் கிழக்கு. அந்தத் திசை உங்களுக்கு மறைந்திருந்தால் ரேடார் பாருங்கள்.
3. தரைக்காற்றும் மேகமும் ஒரே பக்கம் போகின்றனவா?
4. அடுத்த 3 மணி நேர அறிவிப்பில் மாவட்டம் இருக்கிறதா?
5. பாதையில் உறுதியான கட்டடத்தில் எங்கே ஒதுங்கலாம் என்று முடிவு செய்துவிட்டீர்களா? பாதி வழியில் இருக்கும்போது திரும்புவதும் முன்னேறுவதும் ஒரே தூரம்தான். ஆகவே இதைக் கிளம்பும்போதே தீர்மானியுங்கள்.

முதியோர், குழந்தைகளுடன் போகிறவர்கள் மஞ்சள் நிறத்தையே ஆரஞ்சாக எடுத்துக்கொள்ளுங்கள். தென்பெண்ணைக் கரையில் இருப்பவர்கள் இங்கே மழை விட்டாலும் சாத்தனூர் அணையில் நீர்திறப்பு நின்றது என்ற அறிவிப்பு வரும்வரை தரைப்பாலத்தைத் தாண்டாதீர்கள்.

நீங்கள் கணிப்பது எல்லா நாளும் சரியாக வராது. அரசு எச்சரிக்கையும் உங்கள் கணிப்பும் முரண்பட்டால் எச்சரிக்கையின் பக்கமே நில்லுங்கள். பௌர்ணமி மாதந்தோறும் வருகிறது. சிவப்பு எச்சரிக்கை உள்ள நாளில் கிரிவலத்தை அடுத்த பௌர்ணமிக்குத் தள்ளிப்போடுங்கள்.